கீற்றுக்குள் கோபுரம்

2021 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பினாள். அந்த ஊரின் வெற்றி வளைவான ஆர்க் டி ட்ரியோம்ஃபை அடி முதல் உச்சி வரை வெள்ளி மினுங்கும் நீலத் துணியால் போர்த்தி, சிவப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். 25,000 சதுர மீட்டர் துணி, 3,000 மீட்டர் கயிறு. பதினாறு நாள் அப்படியே இருக்கும், பிறகு அவிழ்த்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாள். செலவு 14 மில்லியன் யூரோ என்று அண்ணன் எங்கிருந்தோ தேடிப் போட்டார். ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன். நெப்போலியன் கட்டச் சொன்ன வளைவு, அதன் காலடியில் பெயர் தெரியாத போர்வீரன் ஒருவனின் கல்லறை, அதைப் போய்ச் சரக்கு மூட்டை கட்டுவதுபோல் கட்டி வைப்பது அவமரியாதை என்று கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன். அரை மணி நேரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. "சித்தப்பா, நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது நம் மீனாட்சி கோயில் கோபுரத்தைக் கீற்று வைத்து மூடியிருந்தார்கள். அப்போது சாயங்காலம் ஆனால் நீங்களும் அப்பத்தாவும் மொட்டை மாடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெறும் கீற்றில் என்ன இருந்தது?"

அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதுதான் சரி. அந்தப் பெண் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், வேறு ஊருக்கும் மாறிவிட்டாள். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அந்த வாரமே, வளைவைத் துணியால் மூடத் திட்டமிட்ட கலைஞரான கிறிஸ்டோவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பல்கேரியாவில் பிறந்தவர். மனைவி ழான்-குளோத் மொராக்கோவில் பிறந்தவர். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்றே, 1935 ஜூன் 13. வெற்றி வளைவைத் துணியால் மூடலாம் என்ற எண்ணம் கிறிஸ்டோவுக்கு 1960களின் தொடக்கத்திலேயே வந்திருக்கிறது. ழான்-குளோத் 2009இல் போய்விட்டார். கிறிஸ்டோவும் 2020 மே மாதம் இறந்துவிட்டார். அவர்கள் இருவரும் இல்லாமலே, அவர்கள் வரைந்து வைத்தபடி அது நடந்தது. பணத்தைப் பற்றி நான் நினைத்தது தவறு. அரசின் பணம் ஒரு காசு கிடையாது, விளம்பரதாரர் கிடையாது. தான் வரைந்த முன்னோட்டப் படங்களை விற்று வந்த பணத்திலேயே கிறிஸ்டோ எல்லாவற்றையும் செய்தவர். அவமரியாதை என்றேனே, அதுவும் நிற்கவில்லை. பெயர் தெரியாத வீரனின் கல்லறையில் எரியும் சுடரை ஒவ்வொரு நாள் மாலையும் புதுப்பிப்பார்கள். துணிக்குள் இருந்த பதினாறு நாளும் அந்தச் சடங்கு ஒரு மாலைகூடத் தவறவில்லை. இன்னொன்றும் படித்தேன். முதலில் 2020 வசந்த காலத்தில் மூடுவதாக இருந்ததாம். அந்த வளைவில் கெஸ்ட்ரல் என்ற சிறிய வல்லூறு கூடு கட்டும் பருவம் அது என்று தெரிந்ததும் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பிறகு கொரோனா வந்து இன்னொரு வருடம் தள்ளிப்போட்டது. ஒரு பறவைக்காகக் காத்திருந்தவர்களை அவமரியாதை செய்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? என் வாதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆனாலும் அவள் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. வெறும் கீற்றில் என்ன இருந்தது?

தெற்குக் கோபுரம் தெரியும் மாடி

எங்கள் வீடு மதுரையில், தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போனால் தெற்குக் கோபுரம் நேரே நிற்கும். 160 அடிக்கு மேல் உயரம், ஒன்பது நிலை. அதில் 1,511 சுதைச் சிற்பங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. சின்ன வயதில் எங்களுக்குக் கடிகாரமே அதுதான். கோபுரத்தின் எந்த நிலை வரை வெயில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருக்கிறோம். அம்மா குளித்துவிட்டு ஈரத் துணியைக் கொடியில் போட வரும்போது, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு போடுவார். அவர் தினமும் கோயிலுக்குப் போனவர் இல்லை. வெள்ளிக்கிழமைகூடத் தவறும். மாடிக் கும்பிடு மட்டும் தவறியதில்லை.

2009 ஏப்ரல் 8ஆம் தேதி நடந்த கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி தொடங்கியபோது கோபுரங்களுக்குச் சாரம் கட்டினார்கள். கம்புகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, அடுக்கடுக்காக மேலே ஏற்றிக்கொண்டே போனார்கள். உச்சியில் ஆள் நடமாடுவது எங்கள் மாடியிலிருந்து எறும்பு ஊர்வதுபோல் தெரியும். பிறகு கீற்றுத் தட்டி வந்தது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு நிலையும் மறைந்தது. பழுப்பு நிறத்தில், கூரை வேய்ந்த மலை ஒன்று ஊர் நடுவில் முளைத்ததுபோல் ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். எங்கள் சந்து முனையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த படத்தையும் எதிரே நின்ற கீற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கும் அப்போது வருத்தம்தான். எப்போது அவிழ்ப்பார்கள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல் கீற்றைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூடிய பிறகுதான் அந்தச் சண்டை வந்தது. ஒரு மாலை அம்மா வடகம் எடுக்க மாடிக்கு வந்திருந்தார். பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இல்லை. "மூன்றாம் நிலை வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் கிளியோடு நிற்பாளே, அவளுக்கு மூக்கு உடைந்திருந்தது, அதையும் சரிசெய்வார்கள்" என்றார். எனக்குச் சட்டென்று மறுக்கத் தோன்றியது. "கிளி இல்லை அம்மா, இடுப்பில் குழந்தை" என்றேன். அம்மா விடவில்லை. "கிளிதான் ராசா. நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்." நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் என்றேன். அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் அந்த இடத்தில் பெண்ணே கிடையாது, கதாயுதம் பிடித்த ஒரு வீரன்தான் இருக்கிறான் என்றார். எதிர்வீட்டு அக்காவிடம் மாடிச் சுவருக்கு மேலாகக் கேட்டோம். அவர் யோசித்து, "எனக்கு அந்த இடத்தில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லையே" என்றார். ஒரே கோபுரத்தின் கீழ் நான்கு பேர் சேர்ந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறோம். மூன்றாம் நிலையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினோம். ஆனால் இரவு படுத்த பிறகு எனக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. கண்ணை மூடிக் கோபுரத்தைக் கீழிருந்து மேலே நினைத்துப் பார்த்தேன். உருவம் வந்தது, நிறங்கள் வந்தன, உச்சியில் இரண்டு பக்கமும் யாளி முகம் வந்தது. நடுவில் முழுக்க ஒரு கலங்கல். நாற்பது வருடம் நான் பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்தது கோபுரத்தை இல்லை, கோபுரம் இருக்கிறது என்ற நினைப்பை. மறுநாள் மாலை மாடிக்குப் போனேன். அம்மாவும் வந்தார். ஒன்றும் தெரியாத கீற்றைப் பார்த்துக்கொண்டு, இங்கே இது இருந்தது, அங்கே அது இருந்தது என்று பேசினோம். அடுத்த நாளும் போனோம். மாதக்கணக்கில் அது நடந்தது. அண்ணன் மகள் நினைவில் வைத்திருந்தது அந்த மாலைகளைத்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் கீற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். கீற்றுக்கு உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் கோபுரத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தது, அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அந்தக் காலத்தில்தான்.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் தட்டிகளை மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நிலை வெளியே வந்த அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினார். முட்டிவலி இருந்த காலம், இருந்தும் ஏறினார். பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். கிளியும் இல்லை, குழந்தையும் இல்லை, கதாயுதமும் இல்லை. கைகூப்பிய ஓர் ஆண் உருவம் புது வர்ணத்தில் நின்றது. அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு பைனாகுலரை மெல்ல நகர்த்தி, அந்தப் பெண்ணை இரண்டு நிலை மேலே கண்டுபிடித்தார். கிளிதான். மூக்கைச் சரிசெய்திருந்தார்கள்.

வேண்டுமென்றே மூடுவது

பாரிஸ் துணியையும் நம் கீற்றையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று எனக்கும் தயக்கம் உண்டு. நம் கோபுரத்தை வேலைக்காக மூடினார்கள். சுதை உதிர்ந்த இடத்தைப் பூச வேண்டும், வர்ணம் தீட்ட வேண்டும், மேலே இருப்பவர்களுக்கு வெயில் படக்கூடாது, கீழே போகிறவர்கள் தலையில் காரை விழக்கூடாது. அதோடு கோயில் ஒரு விஷயத்தை முறையாகச் செய்துவிடுகிறது. சாரம் கட்டுவதற்கு முன்னால் பாலாலயம் நடக்கும். கோபுரத்தில் இருக்கும் சக்தியைக் கும்பத்துக்கோ பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றி, அதற்குத் தனியாகப் பூசை நடக்கும். கட்டடம் வெறும் கட்டடமான பிறகுதான் கொத்தனார் கை வைப்பார். நான் கவனித்தவரை இந்த ஒழுங்கை வெளியூர்க் கலைஞர்களிடம் வேறு வடிவத்தில் பார்க்க முடிகிறது. 1995இல் பெர்லினில் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தைக் கிறிஸ்டோவும் ழான்-குளோத்தும் மூடினார்களே, அதற்காக 24 வருடம் நடந்திருக்கிறார்கள். 1971இல் ஆரம்பித்தது. அப்போது பெர்லின் இரண்டாகக் கிடந்தது, கட்டடத்தின் ஓரமாகவே சுவர் ஓடியது. சுவர் விழுந்து, நாடு ஒன்றாகி, 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இதற்காகவே விவாதம் வைத்து வாக்கெடுத்தார்கள். அரசின் தலைவரான சான்சலர் கோல் எதிர்ப்பு. ஆதரவாக 292, எதிராக 223. ஒரு கட்டடத்தைத் துணியால் மூடலாமா என்று ஒரு நாட்டின் மக்கள் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசி வாக்களித்ததுதான் என்னை அந்த விஷயத்தில் அதிகம் அசைத்தது. துணி இரண்டாம் பட்சம்.

மலையேறுகிறவர்கள் தொண்ணூறு பேர் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியபடி ஒரு லட்சம் சதுர மீட்டர் துணியை அவிழ்த்துவிட்டார்கள். பதினான்கு நாள். ஐம்பது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். தீ வைக்கப்பட்டு, குண்டு விழுந்து, போரின் அடையாளமாகவே நின்ற அந்தக் கட்டடம், துணி பட்டதும் காற்றில் மூச்சு விடுவதுபோல் அசைந்தது என்று போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். துணியைப் பார்க்க ஐம்பது லட்சம் பேரா என்று கேட்கிறவர்களுக்கு மதுரைக்காரன் பதில் சொல்ல முடியும். சித்ரா பௌர்ணமி அன்று விடியற்காலையில் வைகைக் கரையில் எத்தனை லட்சம் பேர் நிற்கிறோம்? அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்றுதானே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்? பெட்டிக்குள் கைவிட்டு, எந்தப் பட்டு கைக்கு வருகிறதோ அதைச் சாத்துகிறார்கள். பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு. முதலில் பார்த்தவன் "பச்சை, பச்சை" என்று கத்துவான், அது கரையெல்லாம் பரவும். ஒரு துணியின் நிறத்துக்காக ஊரே மூச்சைப் பிடித்து நிற்பது நமக்குப் புதிது இல்லை. அதை பக்தி என்கிறோம். பக்திதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் கண்ணுக்கு என்ன நடக்கிறதோ, அதில் கலை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பட்டை மறுநாள் மாற்றிவிடுகிறார்கள். கீற்றைப் பிரித்துவிட்டார்கள். பெர்லினில் பதினான்கு நாள், பாரிஸில் பதினாறு நாள். எனக்கு இதில் ஒட்டிக்கொண்ட விஷயம் இதுதான். வந்தது போய்விட வேண்டும். பழைய கட்டடத்தின் மேல் எதைச் செய்தாலும், அது கிளம்பும்போது கட்டடம் முன்பு இருந்தபடியே நிற்க வேண்டும். வெற்றி வளைவில் துணி சிற்பங்களின் மேல் உரசாமல் இருக்க இரும்புச் சட்டம் அமைத்து, சிற்பத்துக்கும் துணிக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள்.

நம் பக்கத்தில் நடப்பதைப் பார்க்கும்போது இதற்காகவே ஆத்திரம் வருகிறது. மேலூர்ப் பக்கம் என் அம்மா பிறந்த ஊருக்கு அருகே ஓர் ஊருணி. கரையில் நான்கு கால் கல்மண்டபம். தூண்களில் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்கள். ஆடும் பெண் ஒருத்தி, குரங்கு, மீன், யாரோ ஒரு தம்பதி கும்பிட்டபடி. அழகுபடுத்துகிறோம் என்று வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. கல்லின் மேல் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். மேலே இயற்கைக் காட்சி வரைந்தார்கள். வண்ண விளக்குக்காகத் தூண்களில் துளைபோட்டு இரும்புக் கொக்கி அடித்தார்கள். திறப்பு விழா அன்று நன்றாகத்தான் இருந்தது. மூன்று மழைக்காலம் போயிற்று. கல் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழி இல்லாமல் பெயின்ட் கொப்புளம் கட்டி, உரியும்போது கல்லின் மேல்தோலையும் கொண்டுபோனது. விளக்குகள் எப்போதோ அணைந்துவிட்டன. கொக்கியிலிருந்து துரு வழிந்து, ஆடும் பெண்ணின் முகத்தில் கோடு போட்டுவிட்டது. போன வருடம் போனபோது ஈரத் துண்டால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. முந்நூறு வருடமோ நானூறு வருடமோ வெயிலில் நின்ற முகம் அது.

பிடிமண்

நிலைத்து நிற்பதுதான் பெரிது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் கிராமங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. அதே அம்மாவின் ஊரில் புரவி எடுப்பு பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளார் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்த மண்ணைக் கலந்துதான் குதிரை செய்ய வேண்டும். கால்கள் தனி, உடல் தனி, கழுத்தும் தலையும் தனி என்று வனைந்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசி, வேட்டி சுற்றி, மாலை போட்டு, கண் திறந்து, தோளில் சுமந்து ஐயனார் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். நான் பத்து வயதில் தாய்மாமன் தோளில் உட்கார்ந்து பார்த்தபோது, ஜனங்களின் தலைக்கு மேலே மண் குதிரைகள் மட்டும் மிதந்து போயின. இறக்கி வைத்த பிறகு அதற்குக் கூரை போடமாட்டார்கள். மழையில் நிற்கும். காது உடையும், கால் விரியும். யாரும் சிமென்ட் பூசமாட்டார்கள். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வந்து பழையதன் முன்னால் நிற்கும். பழையது மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

லண்டன் கோட்டையில் 2014இல் செய்ததைப் படித்தபோது எனக்கு அந்தக் குதிரைகள்தான் நினைவுக்கு வந்தன. முதல் உலகப் போர் தொடங்கி நூறு வருடம் ஆனதற்காக, பால் கம்மின்ஸ் என்ற மண்கலைஞரும் டாம் பைப்பர் என்ற மேடை வடிவமைப்பாளரும் சேர்ந்து, கோட்டையைச் சுற்றிய அகழியில் சுட்ட மண்ணால் செய்த சிவப்புப் பாப்பிப் பூக்களை நட்டார்கள். மொத்தம் 8,88,246. அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ், காலனிப் படைவீரர் ஒருவருக்கு ஒரு பூ. எல்லாம் கையால் செய்தவை. ஜூலையில் ஆரம்பித்து, தன்னார்வலர்கள் வந்து வந்து நட, நவம்பர் 11 அன்று கடைசிப் பூவை ஒரு மாணவப் படை வீரன் நட்டான். ஜன்னலிலிருந்து ரத்தம் வழிந்து அகழியை நிரப்பியதுபோல் இருந்ததைப் படங்களில் பார்க்கலாம். இப்படியே வைத்துவிடுங்கள், எடுக்காதீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். எடுத்துவிட்டார்கள். பூ ஒன்று 25 பவுண்டு என்று ஏற்கெனவே விற்றிருந்தார்கள். எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பூக்கள் எங்கெங்கோ வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அகழி என்று படித்ததும் நம் ஊர் அகழி நினைவுக்கு வராமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் அங்கே நடக்கிறவர்களுக்குக் காலுக்குக் கீழே அகழி கிடக்கிறது என்பது தெரியாது. பிளாக்பர்னுக்கு ஒரு விளக்குத்தூண் நட்டார்கள். பெயர் விளக்குத்தூணாகவே நிலைத்தது, பிளாக்பர்னை ஊர் மறந்துவிட்டது.

மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபமும் இப்படித்தான். நாங்கள் வளர்ந்த காலம் முழுக்க அது எங்களுக்குத் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நிறைந்த இடம். அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுகிறவர்கள் உடை தைக்க அங்கேதான் போவார்கள். தொங்கும் துணிகளுக்குப் பின்னால் திருமலை நாயக்கர் சிலையாக நின்றார். சில வருடங்களுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். காலியான மண்டபத்தை வெளியே நின்று பார்த்த அன்று, இவ்வளவு தூண்களா என்று என் பக்கத்தில் நின்றவர் வாய்விட்டுச் சொன்னார். எனக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வந்தன. அந்தத் தையல் மெஷின் சத்தத்தையும் இனிமேல் நினைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பத்துத்தூண்

என் ஆசை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோயிலை நான் இதற்குள் இழுக்கவில்லை, அதற்கு அதன் முறை இருக்கிறது. விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் சந்து இருக்கிறது. திருமலை நாயக்கர் அரண்மனை இப்போது இருப்பதுபோல் பல மடங்கு இருந்தது என்பதற்குச் சாட்சியாக மிஞ்சிய பத்துக் கருங்கல் தூண்கள். கூரை இல்லை, சுவர் இல்லை, தூண்கள் மட்டும். தலைச்சுமையோடு போகிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள், இரண்டு சக்கர வண்டியை நிறுத்துகிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நானும் தீபாவளிக்குத் தீபாவளி அங்கே வேட்டி வாங்கியிருக்கிறேன். ஒரு தடவையும் பார்த்ததில்லை. திறந்தவெளியில் நட்டநடுவே நின்றும் மறைந்து நிற்கின்றன. அந்தப் பத்துத் தூணுக்கும் ஒரு பதினைந்து நாள் துணி சுற்ற வேண்டும். ஆணி கூடாது, பசை கூடாது, பெயர்ப் பலகை கூடாது. துணி மதுரைச் சுங்குடியாக இருக்க வேண்டும். பதினாறாம் நாள் அவிழ்த்துவிட வேண்டும்.

சுங்குடி என்று தோன்றியதற்குக் காரணம் எதிர்வீட்டு அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம். அவருடைய அம்மா காலத்திலிருந்து முடிச்சுப் போடுகிறவர்கள். இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சடித்தது. அக்கா இன்னும் விரல் நகத்தால் துணியை ஒரு கடுகளவு கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்ததைக் கிள்ளுகிறார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காய வைத்த பிறகு, துணியை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் மறைத்திருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக எழுந்துவரும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன். அம்மா 2016இல் இறந்தபோது போர்த்தியது அக்கா முடிச்சுப் போட்ட அரக்குச் சேலை.

போன மாதம் அக்காவிடம் இந்த ஆசையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, "தூண் எவ்வளவு சுற்றளவு இருக்கும் தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அது தெரியாமல் எத்தனை கெஜம் என்று எப்படிச் சொல்வது? அளந்துகொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடைகள் திறக்கும் முன்பு ஒரு சணல் கயிற்றுப் பந்தோடு போனேன். ஓர் ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத தூண். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தால் மறுநுனி நழுவி விழுந்தது. டீக்கடை போட வந்தவர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்து நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றி வந்து, கயிறு சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். அவர் கயிற்றை விடாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "மேலே என்ன செதுக்கியிருக்கிறார்கள்?" என்றார். வெளிச்சம் போதவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா தரையில் நீட்டிப் போட்டு, முழம் போட்டு அளந்தார். சுவரில் கரியால் கணக்கு எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "பத்துத் தூணும் ஒரே அளவுதானா?" என்றார்.

மற்ற ஒன்பதை நான் அளக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.